பெற்றோருக்கு அமெரிக்க விசா: வங்கியில் 25 லட்சம் காட்ட வேண்டுமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலியில் இருக்கும் அப்பா அம்மாவை ஆறு மாதத்துக்கு டெக்சஸுக்கு அழைத்துப்போக வேண்டும். அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அம்மா இல்லத்தரசி. இருவருக்கும் இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். கேள்வி கேட்கும் மகன் எச்-1பி என்ற வேலை விசாவில் அங்கே வேலை பார்க்கிறார். ஊரில் ஒரு ஏஜென்ட், "வங்கியில் 25 லட்சம் காட்டணும், சொத்து மதிப்பீட்டுச் சான்றிதழ் வேணும், ஆடிட்டர் கையெழுத்து வேணும், எல்லாம் சேர்த்து ஒரு லட்சம் ஆகும்" என்கிறார். இதெல்லாம் தேவையா, எங்கிருந்து தொடங்குவது, எவ்வளவு நாள் ஆகும்?

தேவையில்லை. ஏஜென்ட் சொல்லும் அந்தத் தடித்த ஃபைல், ஐரோப்பாவுக்கோ பிரிட்டனுக்கோ போகிறவர்களுக்குத்தான் சரி. அங்கே முடிவெடுக்கும் அதிகாரி பெரும்பாலும் உங்கள் முகத்தையே பார்ப்பதில்லை. விசா விண்ணப்பங்களை வாங்கும் விஎஃப்எஸ் மையத்தில் கொடுத்துவிட்டு வந்த காகிதங்கள்தான் உங்களுக்காகப் பேச வேண்டும். வங்கிக் கணக்கு, ஹோட்டல் முன்பதிவு, பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவாக இருந்தால் 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு என்று ஒன்று குறைந்தாலும் சிக்கல். அமெரிக்கச் சுற்றுலா விசா, அதாவது பி1/பி2, வேறு ரகம். அங்கே இரண்டே விஷயங்கள்தான் முடிவைத் தீர்மானிக்கின்றன. ஒன்று, இணையத்தில் நிரப்பும் டிஎஸ்-160 படிவம். இன்னொன்று, ஜன்னல் முன்னால் நின்று பேசும் இரண்டு மூன்று நிமிடம். அதிகாரி உங்கள் படிவத்தைத் திரையில் வைத்துக்கொண்டுதான் பேசுவார். கையில் இருக்கும் ஃபைலைத் திறக்கச் சொல்லாமலே அனுப்பிவிடுவதுதான் வழக்கம். அதனால் ஒரு லட்சத்தை ஏஜென்டிடம் கொடுப்பதைவிட, ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி அப்பா அம்மாவோடு வீடியோ காலில் உட்கார்ந்து படிவத்தை ஒழுங்காக நிரப்புங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

ஏன் இப்படி என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும். அமெரிக்காவின் 1952 குடிவரவுச் சட்டத்தில் 214(பி) என்று ஒரு பிரிவு இருக்கிறது. விசா கேட்டு வருகிற ஒவ்வொருவரும் அங்கேயே தங்கிவிடும் எண்ணத்தில்தான் வருகிறார் என்று வைத்துக்கொண்டே அதிகாரி ஆரம்பிக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. அப்படி இல்லை என்று காட்டும் பொறுப்பு விண்ணப்பிப்பவருடையது. மகன் வாங்கிய எச்-1பி விசாவுக்கு இந்த அனுமானம் பொருந்தாது, சட்டத்திலேயே விலக்கு உண்டு. அதனால்தான் பல பிள்ளைகள் "எனக்கு ஒரு கேள்வியும் கேட்காமல் கொடுத்தார்களே, எழுபது வயது அம்மாவை ஏன் இப்படிக் குடைகிறார்கள்?" என்று கோபப்படுகிறார்கள். இருவரும் நிற்பது வேறு வேறு விதியின் கீழ்.

ஆக, அதிகாரி மனதில் இருக்கும் கேள்வி "இவர்களிடம் பணம் இருக்கிறதா?" என்பது மட்டுமில்லை. "இவர்கள் போய்விட்டுத் திரும்பி வருவார்களா?" என்பதுதான் முதல் கேள்வி. உங்கள் அப்பாவுக்கு மாதாமாதம் அரசு ஓய்வூதியம் வருகிறது. சொந்த வீடு இருக்கிறது. ஊரில் ஒரு மகளோ, வயதான பாட்டியோ இருக்கலாம். இவைதான் பதில்கள். நேற்றைக்குக் கடன் வாங்கிக் கணக்கில் போட்ட 25 லட்சம் இதில் எதற்கும் பதிலாகாது. திடீரென்று வந்து விழுந்த பணம் சந்தேகத்தைத்தான் கிளப்பும்.

படிவத்துக்குப் போகும் முன் பாஸ்போர்ட்டை எடுத்துப் பெயரைப் பாருங்கள். நம் ஊர்க்காரர்களுக்கு வருகிற தலைவலி இது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். சில பாஸ்போர்ட்டுகளில் முழுப் பெயரும் ஒரே கட்டத்தில் இருக்கும், குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக இருக்கும். அப்படி இருந்தால் அமெரிக்கப் படிவத்தில் அந்தப் பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டு, முதல் பெயர் கட்டத்தில் எஃப்என்யு (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று போட வேண்டிவரும். விசாவிலும் அப்படியே அச்சாகி வரும். இதனால் விசா மறுக்க மாட்டார்கள், பயப்பட வேண்டாம். ஆனால் விமான டிக்கெட், காப்பீடு என்று ஒவ்வொரு இடத்திலும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். நேரம் இருந்தால் திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவா கேந்திராவிலேயே மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்து, அப்பாவின் தந்தை பெயரைக் குடும்பப் பெயராகப் பிரித்துப் போட்டுவிடுங்கள். போகிற வழியில் துபாயில் இறங்கி இரண்டு நாள் சுற்றிப் பார்க்கலாம் என்ற ஆசை இருந்தால் இதை அவசியம் செய்யுங்கள். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருபவர்களை அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் விதி கொண்டுவந்து, நம் ஆட்கள் பலர் விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டு திண்டாடினார்கள்.

இனி டிஎஸ்-160. இது இலவசப் படிவம், அமெரிக்க வெளியுறவுத் துறையின் தளத்தில் இருக்கிறது. அதேபோல் தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் பணம் கேட்கும், அவற்றை விட்டுவிடுங்கள். திறந்ததும் ஏஏ00 என்று தொடங்கும் எண் ஒன்று வரும். அதையும், நீங்கள் தேர்ந்தெடுத்த பாதுகாப்புக் கேள்வியின் பதிலையும் உடனே ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். 20 நிமிடம் கை வைக்காமல் விட்டால் பக்கம் காணாமல் போய்விடும். அம்மா "இரு, கல்யாண தேதியைக் கேட்டுச் சொல்றேன்" என்று எழுந்து போகிற நேரம் போதும், அதற்குள் எல்லாம் அழிந்திருக்கும். பக்கத்துக்குப் பக்கம் சேமித்துக்கொண்டே போங்கள்.

தாத்தா பாட்டியின் பிறந்த தேதி கேட்கும், அதாவது உங்கள் அப்பாவின் பெற்றோருடையது. அந்தக் காலத்தில் யார் எழுதி வைத்தார்கள்? 'தெரியாது' என்ற கட்டம் பக்கத்திலேயே இருக்கிறது, அதைத் தட்டினால் போதும். ஆண்டு மட்டும் குத்துமதிப்பாகப் போடத் தேவையில்லை. கடந்த ஐந்தாண்டுகளில் பயன்படுத்திய தொலைபேசி எண்கள், மின்னஞ்சல்கள், சமூக ஊடகக் கணக்குகள் எல்லாம் கேட்பார்கள். சமூக ஊடகக் கேள்வி 2019 முதல் எல்லோருக்கும் உண்டு. அப்பாவுக்கு ஃபேஸ்புக்கில் கணக்கு இருந்தால், அதில் அவர் காலை வணக்கம் மட்டும் போட்டாலும், அதைக் குறிப்பிட வேண்டும்.

"நீங்கள் ஏதாவது குலத்தையோ பழங்குடியையோ சேர்ந்தவரா?" என்று ஒரு கேள்வி வரும். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் அதில் சாதி, கோத்திரம், குலதெய்வம் வரை விரிவாக எழுதி வைத்திருந்தார். அது நம் சாதியைக் கேட்கும் கேள்வி இல்லை. பழங்குடியினர் அல்லாதவர்கள் 'இல்லை' என்று போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகலாம். கடைசியில் பாதுகாப்புக் கேள்விகள் வரிசையாக வரும். பயங்கரவாதத்தில் ஈடுபட்டீர்களா, போதைப்பொருள் கடத்தினீர்களா, பாலியல் தொழிலுக்கு வருகிறீர்களா, இனப்படுகொலை செய்தீர்களா என்றெல்லாம் கேட்பார்கள். முப்பது வருடம் பள்ளிக்கூடம் நடத்திய மனிதருக்கு இதைப் படித்துக்காட்டினால் கோபம் வராமல் என்ன செய்யும்? எல்லோருக்கும் இதே கேள்விதான் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஆனால் படிவத்தில் இரண்டு கேள்விகளை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு 'இல்லை' என்று தட்டிவிடாதீர்கள்.

முதலாவது, எப்போதாவது கைது செய்யப்பட்டிருக்கிறீர்களா என்பது. உங்கள் அப்பா அரசுப் பள்ளி ஆசிரியர் என்பதால் சொல்கிறேன். 2003இல் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் நடத்திய வேலைநிறுத்தம், 2019 ஜனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ நடத்திய வேலைநிறுத்தம் என்று அவர் பணிக்காலத்தில் எத்தனையோ போராட்டங்கள் நடந்திருக்கும். காலையில் மறியல், கைது, கல்யாண மண்டபத்தில் அடைப்பு, சாயங்காலம் விடுதலை. வீட்டில் யாரும் அதைக் கைது என்றே நினைப்பதில்லை. அப்பாவிடம் நேரடியாகக் கேளுங்கள். வழக்குப் பதிவாகிக் கைது என்று எழுதப்பட்டிருந்தால் 'ஆம்' போட்டு, கீழே உள்ள கட்டத்தில் எந்த ஆண்டு, எதற்காக, எப்படி முடிந்தது என்று இரண்டு வரி எழுதுங்கள். அது தொடர்பான காகிதம் இருந்தால் நேர்காணலுக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். ஊதியக் கோரிக்கைக்காக நடந்த மறியல் விசாவைக் கெடுக்காது. மறைத்தால்தான் கெடும்.

இரண்டாவது, உங்களுக்காக யாராவது குடியேற்ற மனு போட்டிருக்கிறார்களா என்பது. அம்மாவின் அண்ணன் நியூ ஜெர்சியில் குடியுரிமை வாங்கி, தங்கைக்காக எப்போதோ உடன்பிறந்தவர்களுக்கான எஃப்-4 பிரிவில் மனு போட்டிருப்பார். இந்தியர்களுக்கு அந்த வரிசை பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் நீளும் என்பதால் குடும்பத்தில் எல்லோரும் அதை மறந்தே போயிருப்பார்கள். அமெரிக்க அரசின் கணினி மறக்காது. மனு இருந்தால் 'ஆம்' என்று போட வேண்டும். அதிகாரி அதைப் பற்றிக் கேட்பார், "அது அண்ணன் எப்பவோ போட்டது, இப்போ பேத்தியைப் பார்த்துட்டு வரத்தான் போறோம்" என்று அம்மா சொன்னால் போதும். விசா கிடைக்கும் என்று அதற்காக உத்தரவாதம் கிடையாது. ஆனால் பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் 212 என்ற பிரிவில் உள்ள தடை பாயும், அது ஆயுள் முழுவதற்குமானது. 214(பி) மறுப்பு அப்படிப்பட்டதல்ல, மறுபடியும் விண்ணப்பிக்கலாம். போலி வங்கிச் சான்றிதழ், இல்லாத நிலத்துக்குப் பட்டா என்று ஏஜென்ட் ஏதாவது தயாரித்துக் கொடுத்தால், மாட்டும்போது தண்டனை அவருக்கில்லை, உங்கள் பெற்றோருக்கு.

புகைப்படம் 2 அங்குலத்துக்கு 2 அங்குலம், வெள்ளைப் பின்னணி, கண்ணாடி போடக்கூடாது. கண்ணாடிக்கான தடை 2016 நவம்பரில் வந்தது. நம்மூர் ஸ்டுடியோவில் கேட்காமலே முகத்தை வெளுப்பாக்கிச் சுருக்கங்களை அழித்துக் கொடுப்பார்கள். "டச் பண்ணாம குடுங்க" என்று சொல்லி வாங்குங்கள். திருத்திய படத்தை ஏற்கமாட்டார்கள்.

அடுத்து பணமும் தேதியும். கட்டணம் ஒருவருக்கு 185 டாலர், 2023 ஜூன் 17 முதல். அதற்கு முன் 160 ஆக இருந்தது. விசா கிடைக்காவிட்டாலும் திரும்ப வராது. 2025 ஜூலையில் நிறைவேறிய ஒரு சட்டம், விசா வழங்கும்போது கூடுதலாக 250 டாலர் வசூலிக்க வழி செய்திருக்கிறது. அதனால் பணம் கட்டும் நாளில் அதிகாரபூர்வத் தளத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டே பட்ஜெட் போடுங்கள். தூதரகம் டாலருக்குத் தனியாக ஒரு ரூபாய் மதிப்பு வைத்திருக்கும், அது செய்தித்தாளில் வரும் மதிப்பிலிருந்து சற்று மாறுபடலாம்.

தேதி கிடைப்பதுதான் இந்த முழுக் கதையிலும் நீளமான பகுதி. கொரோனாவால் 2020 மார்ச்சில் வழக்கமான விசாப் பணிகள் நின்றுபோக, தேங்கிய கூட்டம் 2022 இறுதியில் இந்தியாவின் சில அமெரிக்கத் தூதரகங்களில் இரண்டு ஆண்டுக்கும் மேலான காத்திருப்பாக வந்து நின்றது. பிறகு ஆட்களைச் சேர்த்துக் குறைத்தார்கள். இப்போதும் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறிக்கொண்டேதான் இருக்கிறது. ஒவ்வொரு நகரத்துக்கும் எவ்வளவு நாள் காத்திருப்பு என்பதை அமெரிக்க வெளியுறவுத் துறையே தன் தளத்தில் வெளியிடுகிறது, பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம். பேத்தியின் முதல் பிறந்தநாளுக்கு வரவேண்டும் என்றால் பேத்தி பிறக்கும் முன்பே படிவத்தைத் தொடங்குவது நல்லது. வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

சென்னை தவிர ஹைதராபாத், மும்பை, கொல்கத்தா, டெல்லி எங்கே வேண்டுமானாலும் நேர்காணலுக்குப் போகலாம். அங்கே சீக்கிரம் கிடைத்தால் எடுக்கலாமா? உங்கள் அப்பா அம்மா தமிழில் பேசத்தான் வசதிப்படுவார்கள் என்றால் சில வாரம் தாமதமானாலும் சென்னையையே எடுங்கள். அங்கே நேர்காணல் தமிழில் நடக்கும். சில அதிகாரிகள் பணிக்கு வரும் முன் தமிழ் படித்துவிட்டே வருகிறார்கள், கொஞ்சம் புத்தகத் தமிழாக இருக்கும், புரியும். கொல்கத்தாவில் மொழிபெயர்ப்பாளரை நம்பி அம்மாவை நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. வேறு நாட்டில் சீக்கிரம் கிடைக்கிறது, பாங்காக் போய்விட்டு வரலாம் என்று முன்பு சிலர் செய்தார்கள். 2025 செப்டம்பரிலிருந்து, குடியுரிமையுள்ள அல்லது வசிக்கும் நாட்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

தேதி பதிவு செய்யும் கணக்கை உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கடவுச்சொல்லோடு நீங்களே தொடங்குங்கள். ஏஜென்ட் தன் மின்னஞ்சலில் தொடங்கினால் பிறகு ஒரு எழுத்தைத் திருத்தவும் அவர் கடை வாசலில் நிற்க வேண்டும். தானியங்கி மென்பொருள்களை வைத்துத் தேதிகளை மொத்தமாகப் பிடித்து விற்பவர்களும் இருக்கிறார்கள். 2025 மார்ச்சில் இப்படிப் பதிவான சுமார் 2,000 தேதிகளை இந்தியாவில் உள்ள அமெரிக்கத் தூதரகம் ஒரே வீச்சில் ரத்து செய்தது. காசு கொடுத்தவர்களுக்குத் தேதியும் போயிற்று. 2025 தொடக்கத்திலிருந்து இன்னொரு விதியும் உண்டு: கூடுதல் கட்டணமில்லாமல் ஒரே ஒரு முறைதான் தேதியை மாற்றலாம். அதற்கு மேல் மாற்றினாலோ, போகத் தவறினாலோ புதிதாகப் பணம் கட்ட வேண்டும். எனவே கிடைத்த தேதியை எடுத்து வைத்துக்கொண்டு, நல்ல தேதி வரும்போது அந்த ஒரு வாய்ப்பைப் பயன்படுத்துங்கள். தளத்துக்குள் நிமிடத்துக்கொரு முறை போய்வந்தால் கணக்கு முடங்கும், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை பார்த்தால் போதும்.

அப்பா அம்மா இருவரையும் ஒரே குழுவாகப் பதியுங்கள், ஒரே ஜன்னலில் சேர்ந்து நிற்பார்கள். டிஎஸ்-160இல் பிறகு ஏதாவது திருத்திப் புதிதாக அனுப்பினால் பார்கோடு எண் மாறும், அந்தப் புது எண்ணைத் தேதிப் பதிவிலும் மாற்றியாக வேண்டும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு.

சென்னைக்கு இரண்டு நாளாவது தேவை. முதல் நாள் விசா விண்ணப்ப மையத்தில் கைரேகையும் புகைப்படமும் எடுப்பார்கள். மறுநாளோ அதற்குப் பிறகோ அண்ணா சாலையில் ஜெமினி மேம்பாலம் அருகே உள்ள துணைத் தூதரகத்தில் நேர்காணல். நெல்லை எக்ஸ்பிரஸில் காலையில் எழும்பூர் வந்து, அன்றே கைரேகையும் முடித்து, மறுநாள் நேர்காணல் என்று வைத்துக்கொண்டால் ரயில் தாமதமாகும் நாளில் ரத்தக்கொதிப்புதான் ஏறும். வயதானவர்கள் என்றால் ஒரு நாள் முன்னாடியே வரச் சொல்லுங்கள். துணைத் தூதரகத்துக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது, பெரிய பைகளும் கூடாது, கூட வந்தவர்கள் உள்ளே போகவும் முடியாது. ஆகவே இருவரும் வெளியே வரும்போது எங்கே நின்று சந்திப்பது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கைக்குக் கிடைக்கும்படி ஒரு தாள் கவரில் பாஸ்போர்ட், டிஎஸ்-160 உறுதிப்பக்கம், தேதி உறுதிக் கடிதம் மூன்றும் இருக்கட்டும். இன்னொரு கவரில் ஓய்வூதிய ஆணை, வங்கிக் கணக்கு அறிக்கை, மகனின் பாஸ்போர்ட் மற்றும் எச்-1பி நகல், சமீபத்திய சம்பளச் சீட்டு. கேட்டால் கொடுக்கலாம், தானாக நீட்ட வேண்டாம். அழைப்புக் கடிதம் கட்டாயமில்லை. ஐ-134 என்ற ஆதரவுப் பத்திரமும் இந்த விசாவுக்குத் தேவையில்லை.

ஜன்னலில் நடப்பது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

"வணக்கம். எதுக்காக அமெரிக்கா போறீங்க?"

"பையன் வீட்டுக்கு. பேத்தி பொறந்திருக்கா, இன்னும் நேர்ல பார்க்கல."

"பையன் எங்கே இருக்கார், என்ன வேலை?"

"டல்லாஸ்ல. சாஃப்ட்வேர் கம்பெனில வேலை பார்க்கிறான்."

"எவ்வளவு நாள் இருப்பீங்க?"

"நாலு மாசம். பொங்கலுக்கு ஊருக்கு வந்துடணும், மக வீட்ல தலைப்பொங்கல்."

"நீங்க என்ன பண்றீங்க?"

"ஹெட்மாஸ்டரா இருந்து ரிட்டையர் ஆனேன். பென்ஷன் வருது."

அவ்வளவுதான். கடைசியில் சொன்ன பொங்கல் ஒரு வங்கி அறிக்கையைவிட வலுவான பதில், காரணம் அது அவர்களுடைய நிஜமான காரணம். உங்கள் வீட்டில் அது பொங்கலாக இருக்காது, வேறு ஏதோ இருக்கும். அதைக் கண்டுபிடித்து அப்பா அம்மாவுக்கு நினைவூட்டுங்கள், வசனமாக எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். மனப்பாடம் செய்தவர்கள் கேள்வி சற்று மாறிவந்தால் திணறிப்போவார்கள். அம்மாவிடம் கேட்ட கேள்விக்கு அப்பா முந்திக்கொண்டு பதில் சொல்வது நம் வீடுகளில் சகஜம். அதைத் தவிர்க்கச் சொல்லுங்கள், அதிகாரி அம்மாவின் வாயிலிருந்துதான் கேட்க நினைக்கிறார்.

மகன் வேலை பார்க்கும் நிறுவனத்தின் பெயர், ஊர், விசா வகை, எத்தனை வருடமாக இருக்கிறார், செலவு யாருடையது, இங்கே வீட்டை யார் பார்த்துக்கொள்வார்கள் ஆகிய ஐந்தாறு விஷயங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தால் போதும். "எதுக்குப் போறீங்க" என்றால் "குழந்தையைப் பார்த்துக்க" என்று பல அம்மாக்கள் வாய்தவறிச் சொல்வார்கள். மருமகள் வேலைக்குப் போக, இவர்கள் ஆயா வேலைக்குப் போவதுபோல் அது காதில் விழும். இந்த விசாவில் வேலை செய்யக்கூடாது என்பதால் அதிலிருந்து கேள்விகள் கிளைவிடும். பேத்தியைப் பார்க்கப் போகிறோம் என்பது உண்மையும்கூட, குழப்பமில்லாததும்கூட. மருமகளுக்குப் பிரசவம், கூடமாட இருக்கப் போகிறோம் என்றால் அதையே சொல்லலாம், ஒளிக்க வேண்டிய விஷயமே இல்லை.

ஆறு மாதம் என்று கேட்டிருந்தீர்கள். முதல் பயணத்துக்கு ஆறு மாதம் சொன்னால் மறுப்பார்கள் என்பது வதந்தி. ஆனால் ஏன் ஆறு மாதம் என்று கேட்டால் ஒரு காரணம் இருக்க வேண்டும். உங்கள் உண்மையான திட்டம் எவ்வளவோ அதைச் சொல்லுங்கள். மூன்று மாதம் என்று சொல்லிவிட்டு ஆறு மாதம் முழுக்க இருந்துவிட்டு வந்தால், அடுத்தமுறை புதுப்பிக்கும்போது அந்த வித்தியாசம் திரையில் தெரியும்.

பாஸ்போர்ட்டை அதிகாரி வாங்கி வைத்துக்கொண்டால் பெரும்பாலும் விசா கிடைத்தது என்று பொருள். சில நாளில் அது தயாரானதும் தகவல் வரும், மையத்தில் போய் வாங்கலாம், அல்லது கட்டணம் கட்டி வீட்டுக்கு வரவழைக்கலாம். பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்து 214(பி) என்று அச்சிட்ட தாளைத் தந்தால் மறுப்பு. அதற்கு மேல்முறையீடு கிடையாது. அடுத்த வாரமே மறுபடி பணம் கட்டலாம்தான், ஆனால் சூழ்நிலையில் ஒன்றும் மாறாமல் போனால் பெரும்பாலும் அதே பதில்தான் வரும். படிவத்தில் விட்டுப்போனது என்ன, பேசும்போது எங்கே குழம்பியது என்று இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் காரணம் அங்கேயே தெரியும். 221(ஜி) என்று தாள் கொடுத்தால் அது இறுதி முடிவு இல்லை என்று பொருள். ஏதோ ஆவணம் தேவை, அல்லது கூடுதல் சரிபார்ப்பு நடக்கிறது. தாளில் கேட்டதை மட்டும் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். தாளின் நிறத்தை வைத்து ஜோசியம் சொல்ல ஊரில் நிறையப் பேர் கிளம்பி வருவார்கள். விமான டிக்கெட்டை விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகு எடுத்தால் போதும்.

கைக்கு வந்ததும் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் மூன்றையும் எழுத்துக்கூட்டிப் படித்துப் பாருங்கள். தவறு இருந்தால் உடனே தெரிவித்தால் திருத்தித் தருவார்கள். இந்தியர்களுக்கு இந்த விசா பெரும்பாலும் பத்தாண்டுக்கு, பலமுறை போய்வரும்படி கிடைக்கும். பத்தாண்டு என்றால் பத்தாண்டு தங்கலாம் என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு முறையும் அங்கே விமான நிலையத்தில் இறங்கும்போது எல்லை அதிகாரிதான் எத்தனை நாள் என்று முடிவு செய்வார், வழக்கமாக ஆறு மாதம். அந்தத் தேதி ஐ-94 என்ற மின்னணுப் பதிவில் இருக்கும். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக இணையத்தில் அதை எடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதியைத் தாண்டி ஒரு நாள் இருந்தாலும் பத்தாண்டு விசா செல்லாமல் போகும். 180 நாளுக்கு மேல் தாண்டிவிட்டுக் கிளம்பினால் மூன்றாண்டு உள்ளேயே விடமாட்டார்கள்.

மருத்துவக் காப்பீட்டை அமெரிக்கா கேட்பதில்லை, ஆனால் இல்லாமல் அனுப்பாதீர்கள். அப்பாவுக்குச் சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ இருந்தால், ஏற்கெனவே உள்ள நோய் திடீரென்று தீவிரமாவதற்கு எவ்வளவு கொடுப்பார்கள் என்ற ஒரு வரியை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளை முழு நாட்களுக்கும் சேர்த்து, மருத்துவரின் ஆங்கிலச் சீட்டோடு எடுத்துப்போகட்டும்.

புதுப்பித்தல் பற்றி ஒரு வார்த்தை. கொரோனாவுக்குப் பிறகு, காலாவதியாகி நான்காண்டுவரை நேர்காணல் இல்லாமல் புதுப்பிக்கலாம் என்று இருந்தது. 2025இல் அதை 12 மாதமாகக் குறைத்துவிட்டார்கள். 79 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இருந்த பொதுவான விலக்கும் அதே ஆண்டு செப்டம்பரில் போய்விட்டது. அப்பாவின் விசா முடியும் தேதியை இப்போதே உங்கள் காலண்டரில் போட்டு வைத்து, அந்த 12 மாதத்துக்குள் விண்ணப்பித்துவிடுங்கள். எண்பது வயதில் மறுபடி ஜெமினி வரிசையில் நிற்க வைக்க வேண்டாம். நடுவில் பாஸ்போர்ட் காலாவதியானால் கவலையில்லை. பழைய பாஸ்போர்ட்டில் உள்ள விசா செல்லும், பழையதையும் புதியதையும் சேர்த்து எடுத்துப்போக வேண்டும். புதியது வந்ததும் பழையதைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு, பயணத்துக்கு முதல் நாள் ராத்திரி ஏணி போட்டுத் தேடுகிற வீடுகள் நிறைய.